சிறுவர் தகவல் நூல் எழுதுவதைத் தொழிலாகக் கொள்ள: கொழும்பிலிருந்து எப்படித் தொடங்குவது?

#1 தாமரைத்தடாகம்

வணக்கம். 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்காகக் கொழும்பின் ஈரநில உயிர்கள் பற்றி ஒரு நூல் எழுத்தில் முடிந்திருக்கிறது. ஏறத்தாழ 6000 சொற்கள், படம் ஒன்றும் இல்லை. ஒரு நூலோடு நிற்காமல் இதையே தொழிலாகக் கொண்டுபோக விருப்பம். பதிப்பகத்துக்குக் கொடுப்பதா, சொந்தமாக அடிப்பதா? ஓவியரை இப்போதே பிடிக்க வேண்டுமா? விஷயம் தெரிந்தவர்கள் ஒழுங்காகச் சொல்லித் தந்தால் பெரிய உதவி.

#2 பக்கம்32

6000 சொல்லை ஒரே நூலாக அந்த வயதுப் பிள்ளை தாங்காது. கணக்கைப் பாருங்கள். அச்சில் சிக்கனமாக முடிவது 32 பக்கம், ஒரே தாளில் அடித்து மடிக்கும் 16 பக்கப் படிவம் இரண்டோடு வேலை தீரும். அதில் 1 தலைப்பு, 2 பதிப்பு விவரம், 3 உள்ளடக்கம். கடைசியில் 30 சொல்விளக்கம், 31 சுட்டி (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற அகரவரிசைப் பட்டியல்), 32 மேலும் அறிய. மிஞ்சுவது 4 முதல் 29 வரை, அதாவது எதிரெதிராக விரியும் 13 இணைப்பக்கங்கள். ஓர் இணைப்பக்கத்துக்கு ஒரு கேள்வி, 120 சொல் என்று வைத்தால் மொத்தம் 1560. உங்கள் கையில் கிட்டத்தட்ட நான்கு நூலுக்கான சரக்கு இருக்கிறது. அது நல்ல செய்திதான். தனி நூலைவிடத் தொடரைப் பதிப்பாளர் விரும்பிப் பார்ப்பார், கடைக்காரரும் தட்டில் சேர்த்து வைப்பார்.

எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்க மாதிரி. எழுதியதை வெட்டி அதில் ஒட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் முட்டுகிறது, எது காலியாகக் கிடக்கிறது என்பது கணினித் திரையில் தெரியாது, இதில் உடனே தெரியும். ஒரு விளக்கம் பக்கம் திருப்பும் இடத்தில் பாதியில் அறுந்தால் பிள்ளை அந்த இடத்தில் விட்டுவிடும். கேள்வியை வலப்பக்கத்தின் அடியில் வைத்து, பதிலைத் திருப்பியபின் வைக்கலாம்.

வசனம் ஆறேழு சொல்லோடு முடியட்டும். தமிழில் இடர் தருவது வசனத்தின் நீளத்தைவிட எச்சங்களின் அடுக்குதான். "நீரில் மூழ்கி மீனைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து உண்ணும் நீர்நாய்" என்று போனால், யார் செய்தது என்பது கடைசிச் சொல்லில்தான் வருகிறது. "நீர்நாய் மூழ்கும். மீனைப் பிடிக்கும். கரைக்குக் கொண்டுவந்து தின்னும்." அவ்வளவே போதும்.

பதிப்பகத்துக்கு முழுப் பிரதியைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம். ஒரு பக்கச் சுருக்கம், 13 இணைப்பக்கத் திட்டம், செம்மையாக முடித்த இரண்டு இணைப்பக்கம், தகவலைச் சரிபார்த்துத் தரச் சம்மதித்த துறைசார்ந்தவர் யார் என்ற விவரம். இந்த நான்கும் போதும். பதிப்பகம் ஏற்றால் ஓவியரை அவர்களே தெரிவு செய்வார்கள். சொந்தமாக அடிப்பதாக இருந்தால்தான் நீங்கள் தேட வேண்டும்.

#3 நீர்க்காகம்

பக்கம்32 அண்ணா சொன்னது அமைப்பு. அதற்கு முன்னால் தகவலைப் பாருங்கள், இந்தத் தொழிலில் பெயர் கெடுவது அங்கேதான். நாவலில் பிழை வந்தால் விமர்சனம் வரும். தகவல் நூலில் பிழை வந்தால் பிள்ளை அதைப் பரீட்சையில் எழுதும்.

பிரதியின் ஒவ்வொரு வசனத்துக்கும் இலக்கம் போட்டு ஒரு தாள் வைத்திருங்கள். வசனம், மூலம் ஒன்று, மூலம் இரண்டு, பார்த்த திகதி. இரண்டு மூலமும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையாக இருக்கக் கூடாது. இணையக் கலைக்களஞ்சியத்தைக் கதவாக மட்டும் பாவியுங்கள், அதன் அடியில் உள்ள மூலத்துக்குப் போய் வாசியுங்கள்.

உங்கள் தலைப்பிலேயே ஒரு பொறி இருக்கிறது. பேர வாவிக் கரையிலும் வெள்ளவத்தை வாய்க்காலிலும் கிடப்பது கபரகொய்யா, நீரோரம் வாழும் பெரிய பல்லியினம். அதை "உடும்பு" என்று எழுதிவிடுகிறார்கள், ஓவியர் "உடும்பு" என்று தேடி வேறொன்றை வரைந்துவிடுகிறார். உடும்பு தரையில் வாழும் வேறு இனம். மூக்குத்துளையைப் பாருங்கள்: கபரகொய்யாவுக்கு வட்டமாக, மூஞ்சியின் நுனிக்கு அருகில் இருக்கும். உடும்புக்குக் கீறல் போல, கண்ணுக்கும் நுனிக்கும் நடுவில் இருக்கும். சிறுத்தைக்கும் இதே கதிதான். நம் காட்டுச் சிறுத்தைக்கு உடம்பில் வளைய வளையமாகப் புள்ளிகள். சிவிங்கிப்புலிக்கு முழுப்பொட்டு, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு. இணையப் படக்களஞ்சியத்தில் "சிறுத்தை" என்று தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். யானையிலும் கவனம், இலங்கையில் ஆண் யானைகளிலேயே பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. எல்லா யானைக்கும் தந்தம் வரைந்தால் அது இந்த நாட்டு யானைக் கூட்டம் இல்லை.

இன்னொன்று, வயதாகும் இலக்கங்கள். சனிக்கோளின் துணைக்கோள் எண்ணிக்கை 2023இல் 146 ஆனது, 2025 மார்ச்சில் 274 ஆனது. இப்படிப்பட்டதை "நூற்றுக்கணக்கான" என்று எழுதுங்கள், அல்லது ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள். நகராத தகவலுக்கு ஆண்டு பலம் தரும்: ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலாக 18 நகரங்களுக்குக் கிடைத்தது 2018இல், அதில் கொழும்பும் ஒன்று. உங்கள் முதல் இணைப்பக்கம் இதிலேயே தொடங்கலாம்.

பார்த்து எழுதுவதற்குப் பெத்தகான ஈரநிலப் பூங்காவும் தியசரு பூங்காவும் பஸ் தூரத்தில்தான். எலும்புக்கூடும் பதப்படுத்திய உயிர்களும் வேண்டுமென்றால் கொழும்புத் தேசிய நூதனசாலை வளவிலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை இருக்கிறது.

துறைசார்ந்தவரிடம் பிரதியைக் கொடுத்து "சரியா பாருங்க" என்று மட்டும் சொன்னால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். இலக்கமிட்ட தாளைக் கொடுத்து "ஒவ்வொன்றுக்கும் சரி, பிழை, திருத்தம் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். மூன்று கிழமை அவகாசம் கொடுங்கள். ஓவியத்தின் பென்சில் வரைவையும் அவரிடம் காட்டுங்கள். வர்ணம் பூசியபின் யாருக்கும் திருத்த மனம் வராது.

#4 கலைச்சொல்லன்

சொற்களையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இலங்கைப் பாடநூலில் பிள்ளை படிப்பது ஒளித்தொகுப்பு, கலம், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, முலையூட்டி, இலத்திரன், செய்மதி. தமிழ்நாட்டு நூலில் அவை ஒளிச்சேர்க்கை, செல், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, பாலூட்டி, எலக்ட்ரான், செயற்கைக்கோள். இவை பேர் மட்டும் மாறியவை, பிள்ளை எப்படியாவது சமாளிக்கும். ஆபத்தானவை ஒரே சொல் இரண்டு பொருளில் வருபவை. இங்கே "கதி" என்பதை அங்கே "வேகம்" என்கிறார்கள். இங்கே "வேகம்" என்பது அங்கே "திசைவேகம்". அங்கிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்தால் வசனம் பிழையாகத் தெரியாது, விஞ்ஞானம் மட்டும் பிழையாகியிருக்கும்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் அந்தந்த வகுப்புச் சுற்றாடல், விஞ்ஞானப் பாடநூலை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதில் இல்லாத சொல்லை முதன்முதலில் பாவிக்கும் இடத்திலேயே விளக்குங்கள், சொல்விளக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டாம்.

#5 எழில்வாணன்

கலைச்சொல்லன் ஐயா சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் காணொளியில் கேட்பது ஆக்சிஜன், செல். இங்கே தமிழ்ச் சந்தை சிறியது. சென்னையிலும் விற்க வேண்டும் என்றால் ஒட்சிசன் என்ற சொல்லே தடையாகிவிடும். எழுத்தாளர் சாப்பிட வேண்டாமா?

#6 கலைச்சொல்லன்

நியாயமான கேள்வி, எழில்வாணன். எழுத்தாளர் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் பிள்ளையின் தாய் கடையில் நூலைத் திறந்து பார்க்கிறார். பாடநூலில் இல்லாத சொல் நான்கைக் கண்டால் திருப்பித் தட்டில் வைத்துவிடுவார். ஆசிரியரும் அப்படியே. இங்கே உங்களை வாழவைப்பது அந்த இரண்டு பேர்தான்.

இரண்டு சந்தைக்கும் வழி இருக்கிறது. சொல்விளக்கப் பக்கத்தில் மூன்று நிரல் போடுங்கள்: நூலில் உள்ள சொல், தமிழ்நாட்டில் வழங்கும் சொல், விளக்கம். சென்னைப் பதிப்பு வரும்போது அந்த அட்டவணையை வைத்தே மாற்றிக்கொள்ளலாம். நூலுக்குள் மட்டும் கலக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் கலம், அடுத்த பக்கத்தில் செல் என்று வந்தால் பிள்ளை இரண்டையும் வேறு வேறு பொருளாக எடுத்துக்கொள்ளும்.

#7 கொட்டாஞ்சேனை வாசகி

நூலகப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, உவமானம். "மூன்று கால்பந்து மைதானம்" என்றால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. பிதுருதலாகல மலை 2524 மீற்றர் என்று எழுதினால் அது வெறும் இலக்கம். தாமரைக் கோபுரத்தை ஏழு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறத்தாழ அந்த உயரம் என்றால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். 25 மீற்றர் நீலத்திமிங்கிலத்துக்கு, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய இரண்டு இ.போ.ச. பஸ்.

இரண்டாவது, சுட்டி. தமிழில் சிறுவர் நூலுக்குச் சுட்டி போடுபவர்கள் குறைவு. போட்ட நூல்களையும் மென்பொருள் அடுக்கிய வரிசையிலேயே விட்டுவிடுகிறார்கள். யூனிகோட் இலக்க வரிசையில் ன, ந-வுக்குப் பின்னால் வரும், ழ, வ-வுக்கு முன்னால் வரும். நமது அகராதி வரிசை ய ர ல வ ழ ள ற ன. ஆகவே மென்பொருள் கழுகை முதலிலும் கவுதாரியைப் பின்னாலும் வைக்கும், சரியானது கவுதாரி முதலில். அன்னத்தை அரணைக்கு முன்னால் கொண்டுவந்துவிடும். பள்ளியில் அகராதி பார்க்கப் பழகும் பிள்ளை இதில் தேடித் தோற்றால் தன்னில்தான் பிழை என்று நினைக்கும். தயவுசெய்து கையால் ஒருமுறை அடுக்குங்கள்.

#8 தாமரைத்தடாகம்

மிக்க நன்றி. நான்கு நூல்களாகப் பிரிக்கிறேன். படங்களுக்கு இணையத்தில் உள்ள இலவசப் புகைப்படங்களைப் பாவிக்கலாமா? எழுத்து முழுவதும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது, அதனால் சிக்கல் வருமா?

#9 அச்சுமை

தங்கச்சி, பாமினி எண்டால் முதலில யூனிகோட்டுக்கு மாத்துங்கோ. மாத்தின பிறகு கட்டாயம் ஒருக்கா வாசியுங்கோ. அடிக்கடி வாற பிழை ஒண்டு: "கௌதாரி" எண்டு வரவேண்டியது "கெளதாரி" எண்டு வந்திருக்கும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான், ஆனா ரெண்டாவதில ஔகாரக் குறிக்குப் பதிலா ள எண்ட எழுத்து நிக்குது. தேடினாலும் அகப்படாது, சுட்டியிலயும் இடம் மாறிப்போகும். "ெள" எண்டு தேடி ஒவ்வொண்டாப் பாத்து மாத்துங்கோ, எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினா "வெள்ளம்", "கெளிறு" எல்லாம் பழுதாப் போகும். பக்கமமைக்கிறவர் இன்டிசைனில செய்யிறார் எண்டால் உலக மொழிகளுக்கான பத்தியமைப்பைத் தெரிவு செய்யச் சொல்லுங்கோ. இல்லாட்டி கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும்.

எழுத்தளவு இந்த வயதுக்கு 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. ரெண்டு ஓரத்தையும் நேராக்க வேண்டாம், இடப்பக்கம் மட்டும் நேரா விடுங்கோ. தமிழ்ச் சொல் நீளம், நேராக்கினா சொல்லுக்கு நடுவில வெள்ளை இடைவெளி ஆறு மாதிரி ஓடும்.

இப்ப முக்கியமானது. எழுத்து முழுக்கக் கறுப்பு மையில மட்டும் இருக்க வேணும். படத்துக்கு மேல வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். ஏனெண்டால் நாளைக்குச் சிங்களப் பதிப்பு வந்தா (அச்சில ஒவ்வொரு நிற மைக்கும் ஒரு தகடு) கறுப்புத் தகட்டை மட்டும் மாத்தி அதே மூண்டு நிறத் தகட்டோட அடிக்கலாம். ரெண்டு மொழியையும் ஒரே ஓட்டத்தில அடிச்சா ஒரு பிரதியின்ர செலவு நல்லாக் குறையும். வெள்ளை எழுத்து இருந்தா நாலு தகடும் புதுசாப் போட வேணும்.

படம் 300 டிபிஐ, வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. கூட விடுங்கோ. பக்க இலக்கத்தை ஓரத்தில இருந்து 10 மி.மீ. உள்ளுக்கு வையுங்கோ. அட்டை 300 கிராம், உள்தாள் 128 கிராம் ஆர்ட் தாள், நடுவில கம்பித் தையல். தாளின்ர நார் முதுகோட சேந்து மேலிருந்து கீழ ஓட வேணும் எண்டு அச்சகத்தில கேட்டு எழுதி வாங்குங்கோ. கொழும்பு ஈரக் காத்துக்கு நார் குறுக்கால போனா ரெண்டு மாசத்தில அட்டை சுருளும். ஒரு பக்கம் மட்டும் லமினேட் பண்ணினா, மற்றப் பக்கம் ஈரத்தை இழுத்து இன்னும் கூடச் சுருளும்.

300 பிரதிக்குள்ள எண்டால் டிஜிட்டல், 1000 எண்டால் ஓப்செற். நடுவில ரெண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கோ.

#10 நீர்க்காகம்

புகைப்படம் பற்றி. இணையத்தில் கிடைக்கிறது என்பதும் பாவிக்கலாம் என்பதும் வேறு வேறு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் "வணிகமற்ற" என்று இருந்தால் விலைக்கு விற்கும் நூலில் போட முடியாது. "மாற்றமற்ற" என்றால் திருத்தியமைத்துப் போட முடியாது, பின்னணியை வெட்டி எடுப்பதற்கு வேறு படம் பாருங்கள். பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகையிலும் எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் நூலில் வர வேண்டும். ஒவ்வொரு படத்தையும் தரவிறக்கிய இடம், உரிமம், திகதி, திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் தகவல் தாளோடு சேர்த்து வையுங்கள்.

வரைபடத்திலும் கவனம். பழைய வரைபடத்தைப் பார்த்து வரைந்தால் கிளிநொச்சி மாவட்டம் விடுபட்டுப்போகும், அது தனி மாவட்டமானது 1984இல். மொத்தம் 25 வருகிறதா என்று விரலால் எண்ணிப் பாருங்கள்.

#11 கணக்குப்பிள்ளை

தொழில் என்று கேட்டிருக்கிறீர்கள், ஆகவே காசைப் பேசுவோம். பதிப்புரிமைக்கு இலங்கையில் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் அது நிற்கும். அதை ஒரு கையெழுத்தில் விட்டுவிடக் கூடாது.

மொத்தத் தொகைக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால், முதல் பதிப்புக்கு மட்டும், தமிழுக்கு மட்டும் என்று எழுதுங்கள். சிங்கள, ஆங்கில மொழிபெயர்ப்பு உரிமை, மின்னூல், ஒலிநூல் உங்களிடமே இருக்கட்டும். உரிமைத்தொகை (விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்கு வரும் பங்கு) என்றால் எதன்மீது என்று கேளுங்கள். 600 ரூபா நூலில் விற்பனை விலையின் 10 வீதம் 60 ரூபா. கடைக்கழிவு 40 வீதம் போக வரும் 360இல் 10 வீதம் 36 ரூபா. இரண்டையும் பேச்சில் "பத்து வீதம்" என்றுதான் சொல்வார்கள். 1000 பிரதியில் வித்தியாசம் 24,000 ரூபா. அத்தோடு மூன்று வரி கட்டாயம் வேண்டும்: ஆண்டுக்கு இரண்டு தடவை விற்பனைக் கணக்கு, ஒரு வருடத்துக்கு மேல் நூல் கையிருப்பில் இல்லாவிட்டால் உரிமை திரும்பும், மறுபதிப்புக்கு முன் திருத்தம் செய்ய எழுத்தாளருக்கு அவகாசம். தகவல் நூலுக்கு அந்த மூன்றாவது வரிதான் உயிர்.

மேலே சொன்ன 60 ரூபாவிலும் 1000 பிரதி முழுதாக விற்றால் 60,000 ரூபா. ஒரு நூலை வைத்து வாழ முடியாது என்பது இதிலேயே தெரிகிறது. தொடர்ந்து இதில் நிற்பவர்களுக்கு வருமானம் பல வாய்க்காலில் வரும்: பத்திரிகைச் சிறுவர் பக்கம், மொழிபெயர்ப்பு, நூதனசாலை, பூங்காப் பலகைகளுக்கான எழுத்து, பாடசாலைப் பட்டறை, இருமொழி நூல்களைத் தாமே வெளியிடும் தொண்டு நிறுவனங்கள். ரூம் டு ரீட் போன்ற அமைப்புகள் இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்களை வெளியிட்டிருக்கின்றன. நீர்க்காகம் சொன்ன தகவல் தாள் இங்கேதான் பலன் தரும். ஒரு தலைப்பில் நன்றாகச் சரிபார்த்த தாள் ஒரு நூலாகவும் பத்துக் கட்டுரையாகவும் ஒரு பட்டறையாகவும் மாறும். ஆகவே அடுத்த நூலுக்கு விண்வெளிக்குத் தாவ வேண்டாம். ஈரநிலத்திலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல் என்று பக்கத்து வயலுக்குப் போங்கள்.

சொந்தமாக அடித்தால் விலையை அடக்கச் செலவின் நான்கு மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். 150 ரூபா அடக்கம் என்றால் 600. கடைக்கு 240 போனால் மீதி 360, அச்சு போக 210, அதற்குள் ஓவியர், போக்குவரத்து, அன்பளிப்புப் பிரதி எல்லாம் அடங்க வேண்டும். புத்தகசாலையில் விற்றபின் காசு என்ற முறைதான் பெரும்பாலும். ஒப்படைப்புச் சீட்டில் கையொப்பம் வாங்கி மூன்று மாதத்துக்கு ஒருதடவை போய் எண்ணிப் பாருங்கள். போகாதவருடைய நூல் தட்டிலிருந்து கீழே இறங்கிவிடும்.

#12 கொட்டாஞ்சேனை வாசகி

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி. ஒக்டோபர் 1 சிறுவர் தினம், அந்த மாதம் முழுக்கத் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலையும் நூலகமும் சிறுவர் நூலைத் தேடும் நேரம் அதுதான். ஓகஸ்ட் தொடக்கத்தில் நூல் கையில் இருக்க வேண்டும். எழுத்து மூன்று மாதம், ஓவியம் மூன்று மாதம், சரிபார்ப்பு ஒன்று, பக்கமமைப்பு ஒன்று, அச்சு ஒன்று என்று பின்னோக்கி எண்ணினால் முந்தைய நவம்பரில் தொடங்க வேண்டும். பாடசாலை நூலகங்களுக்கு உகந்தது என்ற அனுமதிக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துக்கு, பத்தரமுல்லை இசுருபாயவுக்குப் போக வேண்டியிருக்கும். அதை இந்த ஒன்பது மாதத்துக்குள் சேர்க்க வேண்டாம், தனியாக நேரம் வையுங்கள்.

#13 தாமரைத்தடாகம்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. நூலுக்கான சர்வதேச அடையாள எண், அந்த ஐ.எஸ்.பி.என். எங்கே எடுப்பது? நான்கு நூலுக்கும் ஒரே எண் போதுமா?

#14 பக்கம்32

போதாது, நான்குக்கும் நான்கு எண். சிங்களப் பதிப்பு வந்தால் அதற்கும் வேறு, மின்னூலுக்கும் வேறு. மாற்றமில்லாத மறு அச்சுக்கு அதே எண், உள்ளடக்கம் மாறிய புதிய பதிப்புக்குப் புதிய எண். கொழும்பு 7இல் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில்தான் கொடுக்கிறார்கள். பதிப்பகம் வெளியிட்டால் அவர்கள் எடுப்பார்கள், நீங்களே வெளியிட்டால் நீங்களே விண்ணப்பிக்கலாம். இலங்கை எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். வேறு தொடக்கத்தில் யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். நூற்பட்டியல் தரவையும் (நூலகம் நூலை வகைப்படுத்தப் பாவிக்கும் விவரம்) அங்கேயே பெறலாம், அது 2ஆம் பக்கத்தில் வர வேண்டியது. ஆகவே பக்கமமைப்பு முடிவதற்குள் கையில் எடுத்துவிடுங்கள். பட்டைக்குறியைப் பின்னட்டையில் வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பாக வையுங்கள், தாமரை இலைப் படத்தின் மேலே வைத்தால் கடையில் கருவி வாசிக்காது.